உங்களுக்குத் தெரியுமா? காயலான் கடைக்கு வந்த நீல ஒளி

● 1987 செப்டம்பர். பிரேசிலின் கோயானியா நகரில் காலியாகக் கிடந்த ஒரு மருத்துவமனையிலிருந்து, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவியின் பாகத்தை இருவர் கழற்றி வந்தார்கள். அது காயலான் கடைக்குப் போனது. உள்ளே கதிரியக்கமுள்ள சீசியம்-137 உப்பு, 100 கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியை அதிசயம் என்று நம்பிய கடைக்காரர் உற்றார் உறவினருக்கெல்லாம் கொடுத்தார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். 6 வயதுச் சிறுமி பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். அவளையும் சேர்த்து 4 பேர் இறந்தார்கள்.

● சந்தேகம் முதலில் தட்டியது கடைக்காரரின் மனைவிக்கு. வீட்டில் ஒவ்வொருவராக வாந்தி எடுத்துப் படுக்க, இந்தப் பொருள்தான் காரணம் என்று மிச்சத்தைப் பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் சேர்ப்பித்தார். அவர் போயிராவிட்டால் இன்னும் எத்தனை வீடுகளுக்கு அது பரவியிருக்கும்! இறந்த நால்வரில் அவரும் ஒருவர். பின்னர் 1,12,000 பேருக்கு மேல் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு தெரிந்தது.

● அங்கே மருந்தாகக் கொடுத்தது ஓவியர்களின் சாயமான பிரஷ்யன் புளூ. குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும்.

● எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. கதிர் உடலை ஊடுருவிப் போய்விடும், தங்காது. கதிரியக்கப் பொடி அப்படியல்ல. தோலில் ஒட்டும், மூச்சிலும் சோற்றிலும் உள்ளே போகும், இருக்கும் இடத்திலிருந்தே கதிரை வீசிக்கொண்டிருக்கும். சீசியம்-137இன் வீரியம் பாதியாகவே சுமார் 30 ஆண்டு ஆகும்.

● மெக்சிகோவில் பழைய இரும்போடு உருகிய கதிரியக்கக் கோபால்ட்-60, கட்டடக் கம்பியாகவே விற்பனைக்குப் போனது. 1984 ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகப் பக்கம் வழிதவறி வர, அங்கிருந்த கதிரியக்க உணர்கருவி அலறியது. அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது.

● நம் நாட்டிலும் நடந்தது. 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60 பழைய இரும்புச் சந்தையில் ஒருவரின் உயிரைக் குடித்தது. பிரித்தவருக்கு அது வெறும் இரும்பு. எச்சரித்திருக்க வேண்டியவர்கள் விற்றவர்கள்.

● மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம், அதன் பொருளைக் கற்றவர்களைத் தவிரப் பலருக்குப் புரிவதில்லை. அதனால் 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்து, 2007இல் புதுச் சின்னம் வந்தது: சிவப்பு முக்கோணத்தில் பாயும் கதிர்கள், மண்டை ஓடு, தப்பி ஓடும் மனிதன். கருவியின் வெளியே அல்ல, மூடியைக் கழற்றினால் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டுவார்கள்.