சுங்கச் சாவடியில் மிச்சம் பிடிக்கும் லாரிக் கணக்கு

முலுண்டிலும் தஹிசரிலும் ஆக்ட்ராய் நாக்காவில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி ஒழிந்தது. ஆனால் நாமக்கல்லில் இருந்தும் சங்ககிரியில் இருந்தும் சரக்கு ஏற்றி வரும் லாரி அதிபர்களின் தலைவலி தீர்ந்தபாடில்லை. டீசலோடு சேர்ந்து கையைக் கடிப்பது சுங்கச் சாவடிக் கட்டணம்.

ஆண்டுக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம், சாவடிதோறும் நிறுத்தாதீர்கள் என்று கோரி 2015 அக்டோபரில் நாடெங்கும் லாரிகள் ஓடாமல் நின்றன. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு ஆண்டுச் சீட்டு வந்தது. சொந்தக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்! கேட்டவர் ஒருவர், கிடைத்தது இன்னொருவருக்கு.

இருக்கிற சலுகைகளையாவது முழுதாகப் பயன்படுத்துகிறார்களா என்றால், அதுவும் இல்லை.

தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு 2008-ம் ஆண்டு விதிகளே அடிப்படை. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியே திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். மாதச் சீட்டு வாங்கினால் 50 நடைக்குரிய தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கட்டினால் போதும்.

எது லாபம்?

ஒரு நடைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சீட்டு 10,000 ரூபாய். 34 நடை ஓடினாலே லாபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் 24 மணிக்குள் திரும்பி விடுகிற லாரிக்குப் போக வர 450 ரூபாய்தானே? 22 முறை போய் வந்தால் 9,900 ரூபாய். ஆக, 23-வது முறையில்தான் சீட்டு ஜெயிக்கும். அதற்குக் குறைவாக ஓடுகிற லாரிக்குச் சீட்டு வாங்குவது வீண் செலவு.

நாமக்கல் லாரிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ஊரில் இருந்து மும்பைக்கு வந்து திரும்ப ஒரு நாள் போதாது, உண்மை. ஆனால் மும்பையை நெருங்கும்போது வருகிற கடைசிச் சாவடிகளை இரவில் கடந்த லாரி, காலையில் சரக்கு இறக்கி, மாலைக்குள் ரிட்டர்ன் லோடு ஏற்றிப் புறப்பட்டால் அங்கே சலுகை உண்டு. கோடவுனில் அரை மணி தாமதமானால் அது போச்சு! லாரி எத்தனை மணிக்குச் சாவடியைத் தாண்டியது என்று புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா குறித்து வைத்திருந்தால், எந்த வண்டியில் முதலில் சரக்கு இறக்குவது என்று தீர்மானிக்கலாம். தவணை கட்டி ஒற்றை லாரி ஓட்டுகிறவருக்கு இந்தச் சில நூறு ரூபாய் சின்னத் தொகை அல்ல.

சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான சரக்கு லாரிக்குப் பாதிக் கட்டணம் உண்டு. நேஷனல் பர்மிட் லாரிகளுக்கு இது கிடையாது.

வண்டி வாங்கும்போதும் யோசிக்க வேண்டும். 2008 விதிகளின் மூல விகிதப்படி கிலோமீட்டருக்கு ஆறு சக்கர லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. பத்து சக்கரத்துக்கு 2 ரூபாய் 40 காசுதான். பன்னிரண்டு சக்கரம் என்றால் ஒரேயடியாக 3 ரூபாய் 45 காசு. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏறி ஏறி இன்று தொகை வெகுவாக உயர்ந்துவிட்டாலும், இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது.

ஃபாஸ்டாக் கணக்கு

2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டிய வில்லை பத்து சக்கர லாரியைப் பன்னிரண்டு சக்கரம் என்று சொன்னால், ஒவ்வொரு சாவடியிலும் அதிகப் பணம் போகும். பேட்டையில் நின்ற வண்டிக்குக் கட்டணம் பிடித்த கதையும் உண்டு. கணக்குச் சீட்டை டிரிப் ஷீட்டோடு வாரம் ஒரு முறை ஒப்பிட்டு, தவறு இருந்தால் வில்லை கொடுத்த வங்கியிலும் 1033 என்ற தொலைபேசியிலும் புகார் செய்யலாம். வில்லை சரியாக இருந்து, பணமும் இருந்து, சாவடிக் கருவிதான் பழுது என்றால் கட்டணமின்றி விட வேண்டும் என்பது 2018-ல் வந்த விதி. டிரைவருக்கு இதைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு.

சாவடியைத் தவிர்க்கக் கிராமத்துச் சாலையில் சுற்றுவது அநேகமாக நஷ்டம். 20 கிலோமீட்டர் சுற்றினால், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றாலும் 5 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் 450 ரூபாய்! டயர் தேய்மானமும் நேரமும் தனி.

மும்பை நுழைவாயில்கள் ஐந்திலும் 2024 அக்டோபரில் கார் முதலிய சிறு வண்டிகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. கனரக லாரிகளுக்கு அந்த விலக்கு தரப்படவில்லை. வாடகை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசாவிட்டால், ஊர் திரும்பிய பிறகு டிரைவரின் பேட்டாவில்தான் கை வைப்பார்கள்.