சுத்தியலால் சுருதி சேர்க்கும் கலை!

கரீபியன் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபாகோவின் தேசிய இசைக்கருவி, ஸ்டீல்பேன். 1930, 40-களில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரின் ஏழை இளைஞர்கள், தகர டப்பாக்களையும் எண்ணெய் டிரம்களையும் தட்டித் தட்டி உருவாக்கிய கருவி இது.

இதைச் செய்யக் கற்பவர் முதலில் பழக வேண்டியது சம்மட்டி. 55 கேலன் டிரம்மின் அடித்தகட்டை அடித்து, கிண்ணம்போலக் குழிக்க வேண்டும். அடி ஒரே இடத்தில் விழுந்தால் தகடு கிழிந்துவிடும். அத்தனை உழைப்பும் வீண். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எல்லை வரைந்து, கோடு பதித்து, பக்கத் தகட்டை அளவாக வெட்டி, தீயில் சூடேற்றுவார்கள்.

உண்மையான சோதனை சுருதி சேர்ப்பதில்தான். பொதுவாக, கீழிருந்து தட்டினால் சுருதி ஏறும். மேலிருந்து தட்டினால் இறங்கும். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் பிசகும்! ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் அதன் மேல் ஸ்தாயி ஒலியும் சேர்ந்து இசைய வேண்டும். எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதை இன்று டியூனர் கருவி காட்டிவிடும். எங்கே, எவ்வளவு தட்டுவது என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும்.

அதனால், ஆசான் அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் இந்த வித்தை வசப்படும். முன்னோடிகளில் ஒருவரான எல்லி மானெட், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார், 2018-ல் மறைந்தார்.

ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் தினமாக ஐ.நா. 2023-ல் அறிவித்தது. கருவிக்குப் பெருமை சேர்ந்துவிட்டது. ஆனால், வாசிக்க வாசிக்க ஸ்டீல்பேனின் சுருதி விலகும். அதைத் திரும்பச் சேர்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால், எத்தனை பெரிய இசைக்குழுவும் மேடையேற முடியாது!