இரவு ஓட்டமும் காலை வகுப்பும்
செயலி வேலைக்குப் போகும் மாணவர்களின் உடல்நலம் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

மோர்னிங்சைட் பகுதியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் சென்ரேனியல் கல்லூரியின் வளாகமும் அருகருகே உள்ளன. இங்கு படிக்கும் எங்கள் பிள்ளைகளில் சிலர், மாலையானதும் கைத்தொலைபேசியில் ஊபர், டோர்டாஷ், ஸ்கிப் போன்ற செயலிகளைத் திறந்து சாப்பாடு விநியோகிக்கவோ ஆட்களை ஏற்றவோ புறப்படுகிறார்கள். தலையிடி, வயிற்றெரிவு, நாரிநோ, நித்திரையின்மை என்று வைத்தியரிடம் வரும் மாணவரிடம் "இரவில் என்ன வேலை செய்கிறீர்?" என்று கேட்டால்தான் இந்தக் கதை வெளியே வரும்.

"நாங்களும் இரண்டு வேலை செய்துதானே முன்னுக்கு வந்தோம்" என்று பெற்றோர் சொல்வது நியாயமே. அகதியாக வந்த எங்கள் தலைமுறை தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் உழைத்தது. ஆனால் எங்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த நாள் காலை சோதனை இருக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது.

இந்த வேலை எப்படி வேறுபட்டது?

தொழிற்சாலையில் வேலை முடிய மணி அடிக்கும். செயலியில் அப்படி ஒன்று இல்லை. எப்போது நிறுத்துவது என்பதைக் களைத்துப் போன பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். கேள்வி கூடிய நேரம் இரவுச் சாப்பாட்டு நேரமும் வார இறுதியும். படிக்கும் நேரமும் அதுவே. பனி கொட்டும் இரவில் கேள்வி இன்னும் கூடும், வீதி ஆபத்தும் கூடும்.

ஒன்ராறியோவில் 2022இல் நிறைவேறிய செயலித் தொழிலாளர் உரிமைச் சட்டம் 2025 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒரு ஓட்டத்தை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையான நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஆனால் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் இதில் சேராது. கடைத் தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் சும்மா இருந்த பிள்ளை, "இன்னும் ஒரு ஓட்டம்" என்று நள்ளிரவைத் தாண்டுவது இதனால்தான்.

நித்திரையும் நினைவாற்றலும்

18 முதல் 25 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணித்தியால நித்திரை தேவை. பகலில் படித்தவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்வது நித்திரையின் போதுதான். நித்திரையைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது போன்றது.

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகின்றன. காலை 7 மணிக்கு எழும்பிய பிள்ளை நள்ளிரவு 12 மணிக்கு வாகனம் ஓட்டினால் கணக்கு அதுதான். ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள சாரதிகள் துளி மதுவும் அருந்தியிருக்கக் கூடாது என்பது சட்டம். களைப்பை அளக்கப் பொலிசாரிடம் அப்படி ஒரு கருவி இல்லை.

கோப்பியும் சக்திப் பானங்களும் இதற்குத் தீர்வல்ல. கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் செல்லும். இரவு 9 மணிக்குக் குடித்ததன் பாதி, அதிகாலை 2 மணிக்கும் உடலில் இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமே உச்ச அளவு என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை.

படிப்பில் விழும் அடி

முதலில் காலை வகுப்பு தவறும். பிறகு ஒப்படை பிந்தும். அதன் பின் ஒரு பாடம் கைவிடப்படும். ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தில் முழுநேர மாணவராகக் கணிக்கப்பட, பொதுவாக 60 வீதப் பாடச்சுமை வேண்டும். ஐந்து பாடத்தில் மூன்றுக்குக் கீழே போனால் உதவிப்பணமும் பாதிக்கப்படும். அந்தக் குறையை நிரப்ப இன்னும் அதிக ஓட்டம். ஓடுவதற்கென்றே மாதத் தவணையில் கார் எடுத்து, பிறகு அந்தத் தவணைக்காகவே ஓடுகிறவர்களும் உண்டு.

வெளிநாட்டு மாணவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலமே வேலை செய்யலாம் என்ற விதி 2024 நவம்பரில் வந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• காலையில் எழுப்ப முடியாமை, வார இறுதி முழுவதும் படுக்கை
• நேரம் தவறிய கடைச் சாப்பாடு, எடை மாற்றம்
• எரிச்சல், பேச்சுக் குறைவு, நண்பர்களைத் தவிர்த்தல்
• வாகனத்தில் புதிய கீறல்கள், "கண் அசந்துவிட்டது" என்ற பேச்சு
• படிப்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுதல்

என்ன செய்யலாம்?

1. வேலை நேரத்துக்கு எல்லை வையுங்கள். கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் மாணவர்களின் புள்ளிகள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சோதனைக் காலத்தில் முற்றாக நிறுத்துவது நல்லது.

2. வகுப்பு உள்ள நாளுக்கு முதல் இரவு 10 மணிக்குச் செயலியை மூடிவிட வேண்டும்.

3. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். சாதாரண கார்க் காப்புறுதி கூலி ஓட்டத்துக்குச் செல்லாமல் போகலாம்.

4. ஓடுவதற்கு முன் பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் உதவிப்பணம், வளாக வேலை பற்றி விசாரியுங்கள். பாடத்தைக் கைவிடுமுன் கல்வி ஆலோசகரைச் சந்திக்கச் சொல்லுங்கள்.

5. மனம் தளர்ந்து, வாழ்வே வெறுத்தது போலப் பேசினால் தாமதிக்க வேண்டாம். 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

வீட்டில் பணக் கஷ்டம் இருந்தால் பிள்ளையுடன் மனம்விட்டுக் கதையுங்கள். பல பிள்ளைகள் வீட்டு அடமானக் கடனைத் தாங்களாகவே தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள். எவ்வளவு தேவை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன்பு "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தனீ?" என்று கேளுங்கள். களைப்பு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சோகையும் தைரொயிட் குறைபாடும் களைப்பைத் தரலாம். எல்லாவற்றையும் வேலையின் மீது போட்டுவிடக் கூடாது.