கண்டலைக் காத்தல்

சங்கப் புலவர் நெய்தல் நிலத்திற் கண்டு பாடிய மரங்களுள் கண்டலும் ஒன்று. யாழ்ப்பாணக் கடல்நீரேரி, தொண்டைமானாற்று நீரேரி ஆகியவற்றின் சேற்றுக் கரைகளில் அதனையும் அதனோடு வளரும் கண்ணாவையும் இன்றும் யாம் காண்கின்றோம்.

உவர்ச்சேற்றிலே காற்றோட்டம் இல்லை. ஆதலின், கண்ணா தன் வேர்நுனிகளைச் சேற்றின் மேலே நீட்டிச் சுவாசிக்கின்றது. மிகையான உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றது. கண்டலோ விழுதுபோன்ற வேர்களை ஊன்றி நிற்கின்றது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகிச் சேற்றில் வீழ்கின்றது. உதிர்ந்த இலைகள் மக்கிச் சிற்றுயிர்க்கு உணவாகின்றன. வேர்களிடையே இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. களங்கட்டி வலைஞரின் பிழைப்புக்கு இக்காடும் ஒரு முதலாகும்.

விறகுக்கு வெட்டினாற் பின்னர் நட்டுக்கொள்ளலாமே என்பர் சிலர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளிற் கண்டற் கன்றுகள் பெருமளவில் நடப்பட்டன. வற்றுப்பெருக்கின் அளவு நோக்காது தகாத இடங்களில் நட்டமையால், பலவிடங்களில் அவை முற்றாகப் பட்டுப்போயின. நடுதல் நன்று, நிற்பதைக் காத்தல் அதனினும் நன்று. மரத்தை வெட்டவும் கரையை மண்ணிட்டு நிரப்பவும் முனைவோர்க்கு இதனை எடுத்துரைத்தல் கற்ற நம் அனைவர்க்கும் கடனாம்.