வாள்மேசையின் பெல்ட் தேய்ந்தால்

சுவிஸில் பழைய வீடுகளின் நிலவறைக்குள் இறங்கினால், சிலவேளை மூலையில் ஒரு இன்கா வாள்மேசை நிற்கும். ஆர்காவ் மாநிலத்து டொய்ஃபென்தாலில் இன்ஜெக்டா நிறுவனம் செய்தது. அலுமினிய வார்ப்பு உடல் தலைமுறைகள் தாண்டும். மோட்டாரின் விசையை வட்டவாளுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டோ வெறும் ரப்பர்.

மேசைக்கடியில் கறுப்புத் தூள், பெல்ட்டின் உள்பக்கத்தில் வெடிப்பு, தடித்த பலகையைத் தள்ளும்போது கீச்சொலி, கருகல் மணம்: இவை தேய்வின் அடையாளங்கள். மாதக்கணக்கில் நின்ற பெல்ட் தொடக்கத்தில் உதறுவது வேறு; ஓட ஓட அது அடங்கிவிடும்.

"இன்னும் ஓடுதுதானே" என்று விடுவதில்தான் ஆபத்து. வழுக்கும் பெல்ட்டால் வெட்டின் நடுவில் வாள் தளரும், கை இன்னும் பலமாகத் தள்ளும், பலகை கோணும். பெல்ட் மறுபடி பிடித்ததும் பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி ஆளை நோக்கி எறியும். 250 மில்லிமீற்றர் வாள் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சுவிஸ் நெடுஞ்சாலையில்கூட 120தான் அனுமதி.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைக் கழற்றிக் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி நகர்த்தினால் பெல்ட் தொய்யும். ஸ்குரூட்றைவரால் நெம்பி ஏற்றினால் புதுப் பெல்ட்டின் உள் இழை அறும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்: 10 மில்லிமீற்றர் அகல இசட் வகையும் 13 மில்லிமீற்றர் ஏ வகையும் ஒன்றின் பள்ளத்தில் மற்றது சரியாக உட்காராது. இரண்டு பெல்ட் ஓடினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கப்பிகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு சட்டம் வைத்துப் பாருங்கள். அவற்றுக்கிடையே 30 சென்ரிமீற்றர் இருந்தால், நடுவில் பெருவிரலால் அழுத்தும்போது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தாழவேண்டும். கூட இறுக்கினால் மோட்டாரின் பேரிங் போய்விடும். சில மணிநேரம் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

பெல்ட்டைவிட எனக்குப் பயம், பெல்ட் மாற்றக் கழற்றி, வேலை முடிந்தும் மூலையில் கிடக்கும் வாள்கவசம்தான். அதோடு, வாளுக்குப் பின்னால் நின்று வெட்டை விரித்துப் பிடிக்கும் பிளவுத் தகடு, இங்கே 'ஸ்பால்ட்கைல்' என்பார்கள், திரும்பப் பூட்டப்படாவிட்டால் புதுப் பெல்ட் இன்னும் பலமாகப் பலகையை எறியும். வாளுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

பழுது வாங்கும்போதே இருந்தால்? சுவிஸ் சட்டப்படி, கடையில் புதிதாக வாங்கிய இயந்திரத்தின் குறைபாட்டுக்கு 2013 முதல் விற்றவருக்கு இரண்டு ஆண்டுப் பொறுப்பு உண்டு. வியாபாரியிடம் பழையதாக வாங்கினால் குறைந்தது ஓராண்டு. சாதாரணத் தேய்வு குறைபாட்டில் சேராது. தனியாள் ஒருவர் "பொறுப்பில்லை" என்று எழுதி விற்கலாம். ஆனால் தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வரி அவரைக் காப்பாற்றாது. பழுதைக் கண்டவுடன் பதிவுத் தபாலில் அறிவியுங்கள்.

விரல் போனால் யார் பணம் தருவார்? ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணிநேரமாவது வேலை செய்பவருக்கு வீட்டு விபத்துக்கும் காப்புறுதி உண்டு, சுவா என்ற விபத்துக் காப்புறுதி நிறுவனம் வழியாகவோ வேறு நிறுவனம் வழியாகவோ. விபத்து நாளுக்குப் பின்னான மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 விழுக்காடு நாட்படியாக வரும். பாரதூரமான கவனயீனம் என்று முடிவானால் முதல் இரண்டு ஆண்டு நாட்படி குறையும். சிகிச்சைச் செலவு குறையாது.

சுயதொழில் செய்பவர், இல்லத்தரசி, ஓய்வூதியர் 'கிராங்கன்காசா' எனப்படும் மருத்துவக் காப்புறுதியில் விபத்தையும் சேர்த்திருக்கவேண்டும். சம்பள வேலை இருந்தபோது அதை நீக்கியவர்கள் ஏராளம். வேலை விட்டபின் முதலாளி வழியான பழைய பாதுகாப்பு 31 நாள்தான் நீளும். வேலையை விட்டிருந்தால், வாளைத் தொடுவதற்கு முன் விபத்தையும் சேர்க்கச் சொல்லிக் கிராங்கன்காசாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.