சாவி யாரிடம்?

நோயின் கடுமை வேறு, வாழ்க்கைத் தரம் வேறு. காதில் குரல்கள் கேட்பது நின்ற பிறகும் ஒருவர் நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இரண்டாவதைத் தனியாக அளக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் நோயாளியையே கேட்கிறது: கடந்த இரண்டு வாரங்களில் உடல், மனம், உறவுகள், சூழல் எப்படி? 1 முதல் 5 வரை மதிப்பெண். (அதை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று, தமிழ் வடிவமும் உண்டு.) ஆனால் பல வருடங்கள் வார்டிலேயே கிடந்தவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்று 5 போட்டுவிடுவார். ஆசைகள் சுருங்கிப்போனவருக்குக் குறை தெரியாது. அந்த 5ஐப் பார்த்தபின் அவருக்கு வெளியே ஒரு வீடு தேட யார் அவசரப்படுவார்கள்?

ஸ்கிசோஃப்ரினியாவுக்காக 1984இல் ஹைன்ரிக்ஸ், ஹான்லன், கார்ப்பென்டர் அமைத்த 21 அம்ச அளவுகோலில், பேட்டி காண்பவரே மதிப்பிடுகிறார். பணப்பை, சாவி, கைக்கடிகாரம் மாதிரியான அன்றாடப் பொருட்கள் அவரிடம் உண்டா என்றும் அது பார்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வெளியில் வாழ்பவருக்குச் சரி. வார்டில்? அட்மிஷன் அன்றே அவற்றை வாங்கி, உறையிலிட்டுக் கையெழுத்து வாங்குவது நாங்கள்தானே! குறைந்த மதிப்பெண் நோயுடையதா, வார்டுடையதா?

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நான் எழுதிவைப்பேன்: 'சாவி வார்டு அலமாரியில்.'