யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது?

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்குச் சிங்கப்பூர் தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். பஃப்ளோ சாலையில் காய்கறிக் கடைகளிலும் பூக்கடைகளிலும் கூட்டம் நெரியும். மனைவி முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். கணவரோ இரண்டு கைகளிலும் பைகளை மாட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியை முறைத்தபடி சிலையாக நிற்பார். கடன்காரன் செய்தி அனுப்பிவிட்டானோ என்று கலங்க வேண்டாம். இங்கிலாந்தில் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தொடங்கப்போகும் காற்பந்தாட்டத்துக்குத் தம் பதினைந்து பேரில் எந்த நால்வரை உட்கார வைப்பது என்று தெரியாமல் அவர் தவிக்கிறார்!

இதற்குக் கற்பனைக் காற்பந்து என்று பெயர். அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு சிலர் தங்கள் நாட்டுக் காற்பந்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்துக்கு அது 1991இல் வந்தது. பிரீமியர் லீக் நிர்வாகமே நடத்தும் ஆட்டம் 2002இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதில் சேர்கிறார்கள். காசு கட்ட வேண்டியதில்லை. நூறு மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம் தருவார்கள். அதற்குள் இரண்டு கோல் காவலர், ஐந்து தற்காப்பு ஆட்டக்காரர், ஐந்து நடுத்திடல் ஆட்டக்காரர், மூன்று தாக்குதல் ஆட்டக்காரர் என்று பதினைந்து பேரை வாங்கவேண்டும். ஒரே குழுவிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. நிஜத் திடலில் அவர்கள் செய்வதற்கு ஏற்ப நமக்குப் புள்ளிகள் விழும். ஆனால் வாரந்தோறும் பதினொருவருக்குத்தான் புள்ளி. மீதி நால்வர் பெஞ்சில். பெஞ்சில் இருப்பவன் மூன்று கோல் போட்டாலும் நம் கணக்கில் ஏறாது. சங்கடமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் ஆட்களை எண்ணிப் பார்ப்பார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊருக்குப் போயிருக்கிறார், இன்னொருவர் வந்திருக்கிறார் ஆனால் முகத்தைப் பார்த்தால் பாதி நாள் தாங்குவாரா என்பதே சந்தேகம். வராதவர் மரங்களுக்கு யாரை அனுப்புவது? கற்பனைக் காற்பந்தும் அந்தப் பெரட்டுதான். ஒரே வித்தியாசம், மண்டோர் ஆளை நேரில் பார்த்து முடிவு செய்வார். இங்கே பெரட்டு முடிந்த பிறகுதான் யார் வந்திருக்கிறார் என்றே தெரியும். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது நம் பட்டியலைப் பூட்டிவிடுகிறார்கள். நிஜக் குழுக்கள் தங்கள் பதினொருவரை அறிவிப்பது அதற்குப் பிறகு.

ஆகவே பெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகவே பேசவேண்டும். நாம் களமிறக்கிய ஆள் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால், வார முடிவில் பெஞ்சிலிருந்து ஒருவர் தானாகவே அவர் இடத்துக்கு வருவார். நாம் வைத்த வரிசைப்படி முதல் ஆள், அவர் ஆடவில்லை என்றால் இரண்டாம் ஆள். தற்காப்பில் குறைந்தது மூவர் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் மூன்று பேரை மட்டும் நிறுத்தி அதில் ஒருவர் வராமல் போனால், பெஞ்சிலிருந்து தற்காப்பு ஆள்தான் வர முடியும். கோல் காவலருக்குக் கோல் காவலர்தான்.

இப்போது ஒரு கணக்கு. அறுபது நிமிடத்துக்குக் குறைவாக ஆடினால் 1 புள்ளி. அதற்கு மேல் ஆடினால் 2. உங்கள் நட்சத்திர ஆட்டக்காரருக்குத் தொடையில் பிடிப்பு. பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடி, ஆட வாய்ப்பு 75 விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. துணிந்து இறக்குகிறீர்கள். அவர் அன்று வரவே இல்லை என்றால் மோசமில்லை. பெஞ்சில் முதல் ஆள் 6 புள்ளி எடுத்திருந்தால் அந்த 6 உங்களுக்குத்தான். ஆனால் அவருடைய பயிற்சியாளர் 86ஆம் நிமிடத்தில், ஆட்டம் ஏறக்குறைய முடிந்த பிறகு, உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளட்டும் என்று அவரை உள்ளே அனுப்பினால்? போச்சு! கிடைப்பது 1 புள்ளி. ஒரு நிமிடமாவது ஆடிவிட்டாரே, பெஞ்சுக் கதவு அடைபட்டுவிட்டது. அந்த 6 புள்ளி வீணாகக் கிடக்கும்.

முழுக் காயக்காரனைக் கண்டு பயப்பட வேண்டாம், அரைக் காயக்காரனைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சிவப்புக் கொடி விழுந்தவரைப் பற்றிக் குழப்பமே இல்லை. 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் எகிப்துக்கு ஆட முகம்மது சாலா போனபோது, அவர் லிவர்ப்பூலுக்கு ஆடமாட்டார் என்பது முன்கூட்டியே ஊரறிந்த செய்தி. விற்கலாம் அல்லது பெஞ்சில் கடைசி இடத்தில் வைக்கலாம். நெஞ்சை அரிப்பது, ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் பயிற்சியாளரிடம் இருக்கும் ஆட்டக்காரர்தான். பெப் குவார்டியோலா 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் பொறுப்பேற்ற பிறகு, இந்த ஆட்டத்தில் ஈடுபட்டவர்கள் அவர் பெயரைச் சொல்லியே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நிஜப் பயிற்சியாளருக்கு உள்ள வசதியைப் பாருங்கள். 1994 டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலாமில் பகாங்கை நான்குக்குச் சுழியம் என்று வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்துப்போன சிங்கப்பூர்க் குழுவைப் பலருக்கு நினைவிருக்கும். அன்று அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று. அந்தக் குழுவில் ஸ்டீவன் டான் என்று ஒருவர். மாற்று ஆளாக இறங்கிக் காரியத்தை முடிப்பதிலேயே பெயர் வாங்கியவர்! பயிற்சியாளர் டக்ளஸ் மூர் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து, வேண்டிய நேரத்தில் அவரை உள்ளே விட முடிந்தது. கைத்தொலைபேசியில் குழு நடத்தும் நமக்கு அது முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து உதைத்துக் கோல் போட்டவர் நம் வி. சுந்தரமூர்த்தி. கல்லாங் அரங்கமே எழுந்து நின்ற கோல் அது. மறு ஆண்டு கிண்ணம் வென்ற குழுவில் அவர் இல்லை. தேக்கா காப்பிக் கடையில் இந்தப் பேச்சை எடுத்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று எண்ணவேண்டாம்.

பெஞ்சில் வைக்க முதலில் கை போவது தற்காப்பு ஆட்டக்காரர் பக்கம்தான். விலை மலிவு, கோல் போடமாட்டார் என்ற எண்ணம். ஆனால் புள்ளி விதியைப் படியுங்கள். தாக்குதல் ஆட்டக்காரர் கோல் போட்டால் 4, நடுத்திடல்காரருக்கு 5, தற்காப்பாளருக்கோ 6. எதிரணியைக் கோல் போடவிடாமல் வைத்தால் மேலும் 4. 1998 செப்டம்பர் 5ஆம் நாள் ஹனோயில் டைகர் கிண்ண இறுதியாட்டம். வியட்நாம் சொந்த ஊரில் ஆடியது. ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய குழுவும் அதுதான். ஒன்றுக்குச் சுழியம் என்று சிங்கப்பூர் வென்றது. கோல் போட்டவர் ஆர். சசிகுமார், தற்காப்பு ஆட்டக்காரர். பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது. அன்றைக்கு இந்த ஆட்டம் இருந்திருந்தால் கோலுக்கு 6, எதிரணியைத் தடுத்ததற்கு 4, முழுநேரம் ஆடியதற்கு 2, ஆக 12 புள்ளி! ஹனோயில், வியட்நாமுக்கு எதிரே, ஒரு தற்காப்பாளரை எத்தனை பேர் பெஞ்சில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். அந்த முடிவு தப்பில்லை என்றும் சொல்வேன். அபூர்வமாய் விழும் கோலை நம்பி வாராவாரம் பட்டியல் போட முடியாது.

பின் எதை நம்புவது? எதிரணியைப் பாருங்கள். நன்றாகக் கோல் போடும் குழுவிடம் வெளியூரில் ஆடப்போகும் தற்காப்பாளர்தான் பெஞ்சுக்கு முதல் ஆள். முன்னணித் தாக்குதல்காரரை ஒரு கடினமான ஆட்டத்துக்காக உட்கார வைக்காதீர்கள். அத்தனை மில்லியன் கொடுத்தது உட்கார வைக்கவா? பெஞ்சில் பணத்தைக் கொட்டுவதும் வீண். ஆனால் மலிவு என்று ஆடவே ஆடாதவர் நால்வரை வாங்கி வைப்பது அதைவிட வீண். முதல் மாற்று ஆள், சின்னக் குழுவில் இருந்தாலும், வாரந்தவறாமல் தொண்ணூறு நிமிடம் ஆடுகிறவராக இருக்கவேண்டும். மூன்றாம் ஆள் யாராக இருந்தால் என்ன!

குடும்பத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு. நண்பர்களும் உறவினரும் தங்களுக்குள் ஒரு சிறு குழுமம் அமைத்துப் போட்டியிடலாம். தோட்டத்தில் இருக்கும் அப்பாவும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனும் ஒரே பட்டியலில் மோதலாம். "ஏண்டா, அவனையா உட்கார வச்ச?" என்று அப்பா கேட்க, "நீங்க மட்டும் என்னவாம்?" என்று மகன் திருப்ப, பணம் வந்து சேர்ந்ததா என்பதைத் தாண்டித் தொலைபேசியில் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. பந்தயப் பணம் மட்டும் வேண்டாம். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் உறவினரும் நண்பரும் நேருக்கு நேர் ஆடுவதைப் பொறுத்துக்கொள்கிறது. இணையம் வழி பணம் வைப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. பிழைக்கப் போன இடத்தில் பத்து வெள்ளிக்காக வம்பை விலைக்கு வாங்குவானேன்?

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பகல் 12:30க்கு இங்கிலாந்தில் முதல் ஆட்டம் என்றால், அங்கே கோடைகாலத்தில் நமக்கு மாலை 6 மணிக்குப் பட்டியல் பூட்டப்படும். குளிர்காலத்தில் 7 மணிக்கு. சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் ஒரே நேரம்தான். வெள்ளி இரவு 8 மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டால், நமக்குச் சனி விடிவதற்கு முன் 1:30 அல்லது 2:30. அதற்காகக் கண்விழித்து மறுநாள் இயந்திரத்தின் முன் தூங்கி விழவேண்டாம். வெள்ளி இரவு சாப்பாட்டுக்குப் பிறகே வரிசையை வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுவது அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். அக்டோபர் மாற்றத்தால் நமக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மார்ச் மாற்றத்துக்குப் பின் வரும் ஆட்ட வாரத்தில்தான், ஏழு மணி இருக்கிறதே என்று சாவகாசமாகக் கைத்தொலைபேசியைத் திறப்பவர்களுக்குக் கதவு மூடியிருக்கும்.